கைவிளக்கும் கஞ்சிக் கலயமும்: பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வரலாறு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், நள்ளிரவில் கையில் விளக்கேந்திப் படுக்கை படுக்கையாகச் சென்று காயமுற்ற வீரரைப் பார்வையிடும் ஒரு பெண்மணியின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். பள்ளிப் பாடநூலில் கண்ட அப்படம் நம்முள் பலருக்கு இன்றும் மறவாதிருக்கும். அப்படம் பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. விளக்கைத் தூக்கிய அக்கைகள் அடுப்பையும் பாத்திரத்தையும் பண்டகசாலைக் கணக்கையும் கவனித்த கைகளுமாம். நோயாளியின் உடலில் மருந்து வேலை செய்ய வேண்டுமாயின், அவன் வாய்க்கு ஏற்ற உணவு, ஏற்ற வேளையில், ஏற்ற அளவில் சென்று சேர வேண்டும் என்பதை ஐரோப்பிய நாடுகளுக்கு எடுத்துரைத்தவருள் தலையாயவர் அவ்வம்மையார். அவ்வரலாற்றின் இப்பகுதி பெரிதும் பேசப்படாமையின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில், மருந்தைக் காட்டிலும் உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். பசித்த பின் உண்ணலும், அளவறிந்து உண்ணலும், உடலுக்கு மாறுபடாததை உண்ணலுமே அங்கு வற்புறுத்தப்படுகின்றன. அவ்வதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக வைக்கிறார். அந்நான்காவது ஆளுக்கு மேலைநாட்டு மருத்துவமனைகளில் உரிய இடத்தைப் பெற்றுத் தந்ததே நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்நாட் பணி எனலாம்.

பிறப்பும் இளமையும்

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். பெற்றோர் செல்வவளம் மிக்க ஆங்கிலேயர். வெளிநாட்டுப் பயணத்திற்கிடையே பிறந்த மகளுக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினர். மூத்த மகள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தமையால் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப்பி என்பது அவளுக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒன்றும் ஹாம்ப்ஷயரில் ஒன்றுமாக இரு மாளிகைகள் அக்குடும்பத்திற்கு இருந்தன. தந்தையார் கல்வியில் பெருவிருப்பினர்; கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே மகளிர் இருவருக்கும் கற்பித்தார். இளையவருக்கோ கணக்கின்மீது தணியாத வேட்கை. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று வீட்டார் தயங்கியபோதும் அவர் விடவில்லை. அக்கணக்கறிவு பின்னாளில் ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் காவலாக நின்றது.

பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். என்ன தொண்டு என்பது உடனே விளங்கவில்லை. மாளிகையை அடுத்த சிற்றூர்களில் பிணியுற்ற ஏழைகளின் குடிசைகளுக்குச் சென்று பணிவிடை செய்து வந்த அனுபவத்தால், நோயாளரைப் பேணுவதே தம் கடமை எனத் தெளிந்தார். 1845ஆம் ஆண்டில் ஸால்ஸ்பரி நகர மருத்துவமனையில் சில மாதம் பயிற்சி பெற விழைந்தார். பெற்றோர் பதறினர். அக்காலத்து மருத்துவமனைச் செவிலியர் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உடையவர் எனப் பெயரெடுத்திருந்தனர். உயர்குடிப் பெண்ணொருத்தி அங்குச் செல்வதை எவரும் எண்ணிப் பார்க்கவும் துணியாத காலம் அது. மகள் அடங்கினார், ஆனால் கைவிடவில்லை. விடியுமுன் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதாரப் புள்ளிக் கணக்குகளையும் பயின்றார். ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்னும் புகழ்பெற்ற அறிஞர் மணம் புரிய விரும்பிப் பல்லாண்டு காத்திருந்தும், 1849இல் அதனை மறுத்துவிட்டார்.

1850இல் ஜெர்மானிய நாட்டில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பாதிரியார் பிளீட்னர் நடத்திய தொண்டு நிலையத்தைக் கண்டார். மருத்துவமனையும் அனாதைக் குழந்தைகள் இல்லமும் பள்ளியும் ஒருங்கே அமைந்த இடம் அது. மறு ஆண்டு மூன்று மாதம் அங்கே தங்கிப் பயிற்சி பெற்றார். செல்வச் சிறப்பில் வளர்ந்தவர் விடியற்காலையில் எழுந்து, எளிய உணவை உண்டு, நோயாளரிடையேயும் குழந்தைகளிடையேயும் உழைத்து மகிழ்ந்தார்.

1853ஆம் ஆண்டில் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற மாதர்க்கென அமைந்த சிறு மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையாளராக ஊதியமின்றிப் பொறுப்பேற்றார். அங்கு அவர் முதலில் கேட்டவை புதிய மருந்துகள் அல்ல. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும் என்றார். சமையலறையிலிருந்து உணவுத் தட்டுகள் ஆறிப்போகாமல் மேலேறுதற்கு ஓர் ஏற்றப்பொறி வேண்டும் என்றார். செவிலியர் நாளெல்லாம் படியேறி இறங்குவதில் கால்களைத் தேய்த்தால் நோயாளியைப் பார்ப்பது எப்போது என்பது அவர் கேள்வி. மளிகைக் கணக்கையும் அவரே பார்த்தார்.

ஸ்குடாரியின் சமையலறை

1854இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாவில் போர் தொடுத்தன. கான்ஸ்டாண்டினோபிள் நகருக்கு எதிர்க்கரையில் ஸ்குடாரி என்னுமிடத்தில் ஒரு பெரிய படைவீடு ஆங்கிலேயரின் மருத்துவமனையாக்கப்பட்டது. அங்கு வீரர் படும் துன்பத்தை டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது, நாடு கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலாளராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் தம் நண்பராகிய நைட்டிங்கேல் அம்மையாரைச் செவிலியர் குழுவொன்றுக்குத் தலைமை தாங்குமாறு வேண்டினார். 38 செவிலியரோடு புறப்பட்டு, 1854 நவம்பர் 4ஆம் நாள் அம்மையார் ஸ்குடாரியை அடைந்தார்.

அங்கே சமையல் நடந்த முறையைக் கேட்பின் வியப்பும் வேதனையும் ஒருங்கே தோன்றும். கட்டடத்தின் ஒரு கோடியில் 13 பெரிய செப்புக் கொப்பரைகள் இருந்தன. ஒவ்வொரு கூடத்திற்கும் உரிய இறைச்சியைப் பணியாள் பண்டகசாலையில் பெற்று, அடையாளத்திற்காகக் கந்தல் துணியோ பழைய ஆணியோ பித்தானோ கட்டிக் கொப்பரையில் போடுவான். முதலில் போட்டது குழையும். கடைசியில் போட்டது வேகாமல் வெளிவரும். இறைச்சியை எலும்போடு நிறுத்துப் பங்கிட்டமையால் ஒருவனுக்குத் தசையும் மற்றொருவனுக்கு வெறும் எலும்பும் கிடைக்கும். கூடங்களுக்கு உணவு சென்று சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் அது ஆறிப் பயனற்றுப் போகும். அதே கொப்பரைகளைக் கழுவாமலே தேநீரும் காய்ச்சினர். குருதிக்கழிச்சலால் குடல் வெந்து கிடந்தவனுக்கும் வேகாத இறைச்சியே வந்தது. அவன் அதனைத் தொடாமல் தள்ளி வைப்பான்; உணவு அளிக்கப்பட்டது என்று கணக்குப் புத்தகத்தில் பதிவாகும்; ஆள் பட்டினி கிடப்பான்.

எலும்பை நீக்கிவிட்டு இறைச்சியைப் பங்கிடலாகாதா என்று அம்மையார் கேட்டார். அதற்குப் படைத்துறை விதிகளில் புதிய விதியொன்று வேண்டும் என்று விடை வந்தது. கோப்பும் குறிப்பும் கையாண்டு காலம் கழிக்கும் என் போன்ற இரயில்வே குமாஸ்தாக்களுக்கு இவ்விடை அயலானதன்று. அப்போரில் இத்தகைய செய்திகள் இன்னும் பல உண்டு. ஸ்கர்வி நோயால் வீரர் வாடிக்கொண்டிருக்க, 1854 டிசம்பரில் வந்திறங்கிய இருபதாயிரம் இராத்தல் எலுமிச்சைச் சாறு, நாட்படியில் அதனைச் சேர்க்க விதி இல்லை என்ற காரணத்தால் 1855 பிப்ரவரி வரையில் வழங்கப்படவில்லை. கப்பல் நிறைய வந்த முட்டைக்கோசு, பெறுநர் பெயர் குறிக்கப்படவில்லை என்பதால் பாலக்ளாவாத் துறைமுகத்து நீரில் எறியப்பட்டது. சரக்கு வந்து சேர்ந்தும் உரியவனைச் சேரவில்லை. விதி மனிதனுக்காக ஏற்பட்டதே அன்றி, மனிதன் விதிக்காகப் பிறந்தவனல்லன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அம்மையார் விதியோடு போரிட்டுக் காலத்தை வீணாக்கவில்லை. தம்மிடம் இருந்த பொதுநிதியையும் சொந்தப் பணத்தையும் கொண்டு சிறு அடுப்புகளும் பாத்திரங்களும் வாங்கி, வந்த சில நாட்களிலேயே தனிச் சமையலறைகளை அமைத்தார். ஆரோரூட் கஞ்சி, இறைச்சிச் சாறு, கோழிச் சாறு, பழப்பாகு, சிறிதளவு திராட்சை மது ஆகியவை அங்கே ஆயத்தமாயின. ஆயினும் மருத்துவர் எழுத்து மூலம் கேட்டாலன்றி ஒரு கரண்டி உணவும் வெளியே செல்லலாகாது என்று தம் செவிலியருக்குக் கண்டிப்பான உத்தரவிட்டார். தொடக்கத்தில் மருத்துவர் பலர் இப்பெண்களின் வரவை விரும்பவில்லை. கண்முன்னே நோயாளர் வாட, செவிலியர் கைகட்டி நின்ற நாட்களும் உண்டு. நோயாளர் வெள்ளம் பெருகியபோது மருத்துவரே வந்து கேட்டனர். ஒழுங்கை மீறாமல் ஒழுங்கைத் திருத்திய அப்பொறுமை போற்றத்தக்கது.

1855ஆம் ஆண்டு இளவேனிலில் அலெக்ஸிஸ் சோயர் என்பவர் தம் சொந்தச் செலவில் ஸ்குடாரிக்கு வந்தார். பிரெஞ்சு நாட்டவராகிய அவர் இலண்டன் ரிபார்ம் கழகத்தில் சமையற்கலைஞராக இருந்து பெரும்புகழ் பெற்றவர்; 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது டப்ளின் நகரில் கஞ்சித்தொட்டி நடத்தியவர். சீமான்களுக்கு விருந்து சமைத்த அவரும் நைட்டிங்கேல் அம்மையாரும் கைகோத்து உழைத்தனர். சோயர் புதிதாக எப்பண்டத்தையும் கேட்கவில்லை. படைக்கு வழங்கப்பட்ட அதே பொருள்களைக் கொண்டு சுவையும் சத்தும் உள்ள சாறும் குழம்பும் ஆக்கிக் காட்டினார். வீரர்களுக்கே சமையற் பயிற்சி அளித்தார். குறைந்த விறகில் எரியும் அடுப்பொன்றையும் வகுத்தார். அவ்வடுப்பு நூறாண்டுக்கு மேலாக ஆங்கிலப் படையில் வழங்கிற்று.

குடும்பத்தை மறவாத தொண்டு

அம்மையாரின் பரிவு நோயாளியோடு நிற்கவில்லை. படையோடு வந்த வீரரின் மனைவியர் பலர், கைக்குழந்தைகளோடு, அதே கட்டடத்தின் இருண்ட நிலவறைகளில் பசியும் பிணியுமாகக் கிடந்தனர். அவர்களுக்கு உணவு வழங்க எவருக்கும் பொறுப்பில்லை. அம்மையார் அவர்களைக் கவனிக்கும் பணியை ஆலிஷியா பிளாக்வுட் சீமாட்டியிடம் ஒப்படைத்தார். மருத்துவமனைத் துணிகளை வெளுக்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்களை அமைத்து, அம்மனைவியரையே கூலிக்கு அமர்த்தினார். நோயாளிக்குத் தூய துணி கிடைத்தது. அவர்களுக்கு மானத்தோடு சோறு கிடைத்தது.

வீரர் தம் ஊதியத்தைக் குடித்துத் தீர்ப்பவர். அவர்களைத் திருத்தவியலாது என்று அதிகாரிகள் கருதினர். வீட்டுக்குப் பணம் அனுப்ப எளிய வழியில்லாமையே குறை என்றார் அம்மையார். வாரந்தோறும் வீரர் தந்த பணத்தைத் தாமே பெற்று ஊருக்கு அனுப்பி வந்தார். பின்னர் 1856இல் அரசாங்கம் பண அஞ்சல் நிலையங்களைத் திறந்தபோது ஆறு மாதத்திற்குள் 71,000 பவுன் இங்கிலாந்துக்குச் சென்றது. மாதந்தோறும் மணியார்டர் எழுதிப் பழகிய நமக்கு அத்தொகையின் பொருள் விளங்கும். இறந்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் அம்மையார் தம் கையாலேயே கடிதம் எழுதினார். போர் முடிந்து 1856இல் நாடு திரும்பியபோது, ரஷ்ய அனாதைச் சிறுவன் ஒருவனையும், கால் இழந்த கப்பற் சிறுவன் ஒருவனையும் இங்கிலாந்துக்கு அனுப்பி வாழ வழி செய்தார்.

கணக்கு உணர்த்திய உண்மை

அம்மையாரின் பெருமையை உரைப்போர் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. நல்ல உணவும் நல்ல பணிவிடையும் வந்த பின்னரும் ஸ்குடாரியில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடையைத் தூர்வாரி, குடிநீர்க் கால்வாயை அடைத்துக் கிடந்த குதிரைப் பிணத்தை அகற்றி, காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கிற்று. போர் முடிந்து ஊர் திரும்பிய பின் கணக்குகளை ஒப்பிட்டு நோக்கியே அம்மையார் இதன் முழுப் பொருளையும் உணர்ந்தார். தூய நீரும் தூய காற்றும் இல்லாத இடத்தில் கஞ்சி மட்டும் உயிர் காவாது என்பதை வண்ணச் சக்கரப் படங்களாக வரைந்து அரசியாருக்கும் அமைச்சருக்கும் காட்டினார். 1858இல் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

நோயாளியின் உணவு பற்றி அவர் எழுதியது

கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவர் உடல்நலத்தைக் கெடுத்துவிட்டது. பல்லாண்டு அறையை விட்டு வெளிவராமல், படுக்கையிலிருந்தபடியே எழுதினார். செவிலிப் பணியைப் பற்றி 1859இன் இறுதியில் வெளிவந்த அவரது சிறு நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அதில் உணவு உட்கொள்ளலுக்கு ஓர் அதிகாரமும், எவ்வுணவு என்பதற்கு மற்றோர் அதிகாரமும் உள.

உணவு நிறைந்த வீட்டிலேயே நோயாளர் பட்டினியால் மெலிகின்றனர். காரணம் வறுமையன்று, கவனமின்மை என்பதே அவர் கண்ட முடிவு. இரவெல்லாம் காய்ச்சலில் வாய் உலர்ந்தவனுக்குக் காலையில் கெட்டி உணவு இறங்காது. மணிக்கு ஒரு கரண்டியாக நீர்மமான உணவைப் புகட்டினால் பகலில் அவனே கேட்பான். நிறைந்த தட்டைக் கண்டாலே பசி போகும். ஆதலின் சிறிதளவே கொணர்தல் வேண்டும். உண்ணாத உணவை, பிறகு உண்பான் என்று எண்ணிப் படுக்கையருகே வைத்துச் செல்லலாகாது. அதனை நோக்கி நோக்கி அவனுக்கு அருவருப்பே மிகும். பிறருடைய உணவின் மணமும் பேச்சும் அவனை அணுகலாகாது. உண்ணும்போது வீட்டுக் கவலைகளைப் பேசலாகாது. கிண்ணத்தின் அடியில் சிந்திய ஈரம் இருத்தலும் ஆகாது. படுத்திருப்பவன் அதனை உயர்த்தும்போது மேலே சொட்டும். பாலைச் சிறந்த உணவாகக் கருதினார். ஆனால் சற்றே புளித்த பாலும் தீங்கு என்று எச்சரித்தார். இறைச்சிச் சாற்றில் உலகம் எண்ணுமளவு சத்தில்லை என்றும் துணிந்து கூறினார். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளி எவ்வளவு உண்டான், எவ்வேளையில் உண்டான், எதை விலக்கினான் என்பதைச் செவிலி கண்டு மருத்துவருக்கு உரைத்தல் வேண்டும் என்றார். ஊட்டியது எவ்வளவு என்பதன்று, உட்சென்றது எவ்வளவு என்பதே கணக்கு.

நாட்டு மக்கள் அவர் பெயரால் திரட்டி அளித்த நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் தூய தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. புண் கட்டுதலோடு, கஞ்சி காய்ச்சுதலும் நோயாளிக்குரிய பானங்கள் ஆக்குதலும் அங்கே பயிற்சியின் பகுதிகளாயின. லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், ஏழை நோயாளரின் வீடுகளுக்கே செவிலியரை அனுப்பும் திட்டத்தை வகுத்தபோது அம்மையார் அதற்கு வழிகாட்டினார். தாய் நோயுற்றால் குழந்தைகள் வாடும்; குழந்தை நோயுற்றால் தாயின் கூலி போகும். ஆதலின் மருத்துவமனையின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் தொண்டு நிற்றல் போதாது என்பதை அத்திட்டம் உணர்த்திற்று.

நோயுற்ற குழந்தைகள்

அக்காலத்தில் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனைகள் அரியவை. 1852இல் டாக்டர் சார்லஸ் வெஸ்ட் என்பவர் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 படுக்கைகளோடு தொடங்கியதே இங்கிலாந்தில் அத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடியாயிற்று. அம்மையார் மருத்துவமனைக் கட்டட அமைப்பைப் பற்றி எழுதிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் குழந்தைகளைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். நோயுற்ற குழந்தையை ஒரு கணமும் தனியே விடலாகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிலி வேண்டும் எனினும் மிகையாகாது. ஆதலின் போதிய ஆள்வசதி இல்லாத குழந்தை மருத்துவமனையைக் காட்டிலும் பெண்கள் கூடத்தில் ஒரு படுக்கை நன்று. அடுத்த படுக்கையிலுள்ள பெண் அக்குழந்தைக்குத் தாயாவாள், அது குழந்தைக்கும் நலம், அவளுக்கும் நலம் என்றார். தனி மருத்துவமனை கட்டுவதாயின் தோட்டமும் விளையாடுமிடமும் குளிக்க வசதியும் இருத்தல் வேண்டும் என்றார். போர்ச்சுகல் மன்னர் லிஸ்பனில் கட்ட விரும்பிய குழந்தை மருத்துவமனையின் வரைபடம் அவர் கருத்துக்கு வந்தது. 1877இல் அது திறக்கப்பட்டது.

1861இல் எளிய மக்களுக்கென வெளியிட்ட பதிப்பில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியரை நோக்கியே ஓர் அதிகாரம் எழுதினார். நல்ல காற்று, ஏற்ற வெம்மை, தூய்மை, குறித்த வேளையில் குறித்த உணவு, திடுக்கிடச் செய்யாமை, வெளிச்சம், மகிழ்ச்சி என்பன குழந்தைக்கு வேண்டுவன என அன்போடு அறிவுறுத்தினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தாயே மருத்துவமனையில் குழந்தையோடு தங்குதல் வேண்டும் என்னும் கருத்து அங்கே வேரூன்ற மேலும் நெடுங்காலம் ஆயிற்று. பெற்றோர் வரவைக் கட்டுப்படுத்தும் வழக்கமே இங்கிலாந்தில் பல்லாண்டு நீடித்தது. 1959இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கைதான் பெற்றோரைத் தடையின்றி விடுதலையும், சிறு குழந்தையோடு தாயையும் சேர்த்துக்கொள்ளுதலையும் பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ தாய் குழந்தையின் கட்டிலருகே அமர்ந்திருத்தல் என்றும் உள்ள வழக்கம்.

இந்தியாவின்பால் கொண்ட பரிவு

அம்மையார் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். எனினும் நாற்பதாண்டுக்கு மேலாக இந்நாட்டைப் பற்றி எழுதினார். இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைந்த குழுவுக்காக, படைநிலையந்தோறும் வினாத்தாள் அனுப்பி விடைகளைத் தொகுத்தார். ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 பேர் இறந்தமை வெளிப்பட்டது. பத்தாண்டு கழித்து அது 18 ஆகக் குறைந்ததை அவரே எடுத்துக்காட்டினார். படைவீடுகளோடு நின்றால் போதாது, சிற்றூர்களுக்கும் நன்னீர் வேண்டும் என்றார். 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சம் அவர் உள்ளத்தை உலுக்கிற்று. நம் தஞ்சைத் தரணியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கருத்துகளை ஆதரித்து ஆங்கில நாட்டாரிடம் வாதாடினார்.

இறுதிக் காலத்தில் கண்ணொளி மங்கிற்று. 1907இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் பெருஞ்சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணி ஆனார். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள், 90ஆம் வயதில், இலண்டனில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், குடும்பத்தார் ஏற்காமல், ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில் பெற்றோர் அருகே எளிமையாக அடக்கம் செய்தனர். அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகெங்கும் செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்யத்தக்கது

பெரியோர் வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நில்லாது, அதனின்று ஒரு சிறு செயலேனும் விளைதல் வேண்டும். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து இந்நகரில் வாழும் நாம், நோயென்று வந்தால் படும் இடர் தனித்தன்மை வாய்ந்தது. மாமனும் அத்தையும் ஊரில், மொழியோ அயல்மொழி. எம் அலுவலகத்திற்கு மாற்றலாகி வந்த நண்பர் ஒருவரின் நான்கு வயதுப் பெண்குழந்தை நச்சுக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. சிகிச்சையில் குறையில்லை. ஆனால் அங்கு வழங்கிய ரொட்டியும் பருப்பும் குழந்தைக்குப் பழக்கமில்லை. வாயில் வைத்ததும் துப்பிவிடும். தாய்க்கு அதனை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல மொழியில்லை. குழந்தை உண்ணாதபோது தாய் எவ்வாறு உண்பாள்? அவளும் இரு நாள் தேநீரிலேயே கழித்தாள். செய்தியறிந்த நம் சங்கத்துத் தாய்மார் ஒருவர் மருத்துவரை அணுகி, எது தரலாம் என்று கேட்டறிந்து, குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைத் தூக்குச் சட்டியில் கொண்டு சென்றார். தாய்க்கு இரசமும் சோறும் கொண்டு சென்றார். வீட்டுக் கஞ்சியின் மணம் அறிந்த குழந்தை வாய் திறந்தது. பத்து நாளில் வீடு திரும்பியது. நோயைத் தீர்த்தது மருந்தே; எனினும் அம்மருந்தைத் தாங்கும் வலுவைத் தந்தது அக்கஞ்சி.

ஒருவர் செய்ததைச் சங்கம் செய்தால் எத்துணைப் பேர் பயன்பெறுவர்! இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. நகரின் ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் அருகே வாழும் உறுப்பினர் இல்லங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். மருத்துவர் அனுமதித்த உணவை மட்டும், அவர் குறித்த அளவில், வேளை தவறாது ஆக்கித் தரும் நான்கைந்து குடும்பங்கள் வேண்டும். தாய்க்கு மொழிபெயர்த்து உதவ ஓர் இளைஞர் வேண்டும். காவலிருக்கும் தந்தை குளித்து உடை மாற்ற ஒரு வீட்டின் கதவு திறந்திருத்தல் வேண்டும். இவ்வாண்டு விழாவில் கூடியிருக்கும் அன்பர்கள் இதனைச் செயற்குழுவின் முன் வைத்து முடிவு செய்வார்களாக. முதற் பட்டியலில் எம் இல்லத்தின் பெயரை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அம்மையாரின் விளக்கு அணைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அவர் மூட்டிய அடுப்பு அணையாதிருத்தல் நம் கையில் உளது.

வாழ்க தமிழ்! வளர்க தொண்டு!